கண்டனமா, வருத்தமா, தீர்மானமா? ஆங்கிலத் தீர்ப்பு வினைகளின் எடை

2022 மார்ச் 2 அன்று ஐ.நா. பொதுச்சபையில் உக்ரைன் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. 141 நாடுகள் ஆதரித்தன, 5 நாடுகள் எதிர்த்தன, இந்தியா உட்பட 35 நாடுகள் வாக்களிக்காமல் விலகி நின்றன. ‘ரஷ்யப் படையெடுப்புக்கு ஐ.நா. கண்டனம்’ என்று செய்தி பரவியது. தீர்மானத்தின் வாசகத்தை எடுத்துப் படித்தால், ரஷ்யாவின் ஆக்கிரமிப்பைப் பற்றிய மையப் பத்தியில் ‘கண்டெம்’ (condemn, கண்டிப்பது) என்ற வினைச்சொல் இல்லை. அங்கே நிற்பது ‘டிப்ளோர்’ (deplore, தவறென்று வருந்துவது). படையெடுப்பை ‘மிகக் கடுமையான சொற்களில் டிப்ளோர் செய்கிறது’ என்பதுதான் வாசகம். ‘கண்டெம்’ முகவுரையில் வருகிறது. ‘சிறப்பு ராணுவ நடவடிக்கை’ என்ற ரஷ்யாவின் அறிவிப்பையும், அணு ஆயுதப் படையைத் தயார்நிலைக்குக் கொண்டுவந்த முடிவையும் அது கண்டிக்கிறது. படையெடுப்பு என்ற செயலுக்கோ ஒரு படி இறங்கிய சொல்.

இது தற்செயலாக நடந்ததில்லை. அதற்கு ஐந்து நாட்கள் முன்பு, பிப்ரவரி 25 அன்று, பாதுகாப்பு சபையில் அமெரிக்காவும் அல்பேனியாவும் ஒரு வரைவைக் கொண்டுவந்தன. முதலில் அதில் ‘கண்டெம்’ இருந்தது. சீனா எதிர்த்து வாக்களிக்காமல் விலகி நிற்க வேண்டும் என்பதற்காகக் கடைசி நேரத்தில் அது ‘டிப்ளோர்’ ஆனது. ரஷ்யா தன் வீட்டோவால் அதைத் தடுத்துவிட்டது. 11 நாடுகள் ஆதரவு. சீனா, இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம் மூன்றும் விலகல். எதிர்பார்த்தபடியே சீனா விலகித்தான் நின்றது. அந்த மென்மையான சொல்தான் பிறகு பொதுச்சபைத் தீர்மானத்திலும் இடம்பிடித்தது. ஒரே ஒரு வினைச்சொல்லுக்காக இவ்வளவு பேரம் நடந்திருக்கிறது. செய்தித் தலைப்பில் அந்தப் பேரத்தின் தடயமே இல்லை.

ஆங்கிலத்தில் நடப்புச் செய்தி படிக்கிறவர்கள் இந்த வினைச்சொற்களை நாள்தோறும் கடந்து போகிறோம். கண்டெம், டிப்ளோர், ரிக்ரெட், சென்ஷர், ரெப்யூக், டினவுன்ஸ், அக்விட், எக்ஸானரேட், டீம், ஹெல்ட், அப்சர்வ்ட். அகராதியில் தேடினால் பலவற்றுக்கு ஏறக்குறைய ஒரே பொருள்தான் கிடைக்கும். ஆனால் இந்தச் சொற்கள் வாழும் இடம் அகராதி இல்லை. அவை நிறுவனங்களுக்குச் சொந்தமானவை. யார் சொன்னார்கள், எதன் மீது சொன்னார்கள், சொன்னதால் என்ன நடக்கும் என்ற மூன்றும் சேர்ந்துதான் அவற்றின் எடை. தமிழில் நாம் இவற்றில் முக்கால்வாசியைக் ‘கண்டனம்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். வசதியான சொல்தான். ஆனால் எடை காணாமல் போய்விடுகிறது.

ஐ.நா.வின் மொழியில் இந்தப் படிகள் ஓரளவு தெளிவாகவே உண்டு. ‘கவனத்தில் கொள்கிறது’ என்பது அடிப்படி. அதற்கு மேல் ‘கவலையுடன் கவனத்தில் கொள்கிறது’, ‘கவலை தெரிவிக்கிறது’, ‘ஆழ்ந்த கவலை’. அப்புறம் ‘ரிக்ரெட்’, அதாவது வருத்தம். அதற்கு மேலே ‘டிப்ளோர்’. இதில் வருத்தமும் உண்டு, தவறு என்ற கணிப்பும் உண்டு. அதற்கும் மேலே ‘கண்டெம்’, உச்சியில் ‘வன்மையாகக் கண்டிக்கிறது’. 1981-ல் ஈராக்கின் ஒசிராக் அணு உலை மீது இஸ்ரேல் குண்டு வீசியபோது பாதுகாப்பு சபை தன் 487-ஆவது தீர்மானத்தில் உச்சிச் சொல்லையே பயன்படுத்தியது. அமெரிக்காவும் அதற்கு ஆதரவாக வாக்களித்தது. இஸ்ரேல் தொடர்பான தீர்மானங்களில் அமெரிக்கா இப்படி நிற்பது அரிது என்பதால், அந்த வினைச்சொல்லை இன்றும் வரலாற்றாசிரியர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள்.

இவை எல்லாம் மதிப்பிடும் வினைகள். இவற்றுக்குப் பக்கத்திலேயே செயலுக்கான வினைகள் இன்னொரு வரிசையில் நிற்கும்: கேட்டுக்கொள்கிறது, அழைப்பு விடுக்கிறது, வலியுறுத்துகிறது, கோருகிறது, தீர்மானிக்கிறது. ஐ.நா. சாசனத்தின் 25-ஆவது பிரிவுப்படி பாதுகாப்பு சபையின் முடிவுகளை ஏற்று நடத்த உறுப்பு நாடுகள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அதனால் அந்தச் சபை ‘டிசைட்ஸ்’, அதாவது தீர்மானிக்கிறது, என்று எழுதினால் அதற்குத் தனி வலு. 1990 ஆகஸ்ட் 2 அன்று குவைத்துக்குள் ஈராக் நுழைந்த அதே நாளில் 660-ஆவது தீர்மானம் படையெடுப்பைக் ‘கண்டித்தது’, உடனே வெளியேறும்படி ‘கோரியது’. இரண்டுமே வலிமையான சொற்கள்தான், ஆனால் அவற்றால் ஒரு போர் விமானமும் கிளம்பவில்லை. நவம்பர் 29 அன்று வந்த 678-ஆவது தீர்மானத்தில் ‘ஆதரைசஸ்’ என்ற வினை வந்தது. உறுப்பு நாடுகள் தேவையான எல்லா வழிகளையும் பயன்படுத்த அது அனுமதி அளித்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் போர் தொடங்கியது.

2002 நவம்பர் 8 அன்று நிறைவேறிய 1441-ஆவது தீர்மானம் இன்னும் சிக்கலானது. ஈராக் முந்தைய தீர்மானங்களைக் கடுமையாக மீறியிருக்கிறது, இன்னும் மீறிக்கொண்டிருக்கிறது என்று சபை ‘தீர்மானித்தது’. கவனியுங்கள், இங்கே ‘டிசைட்ஸ்’ ஒரு நடவடிக்கைக்காக வரவில்லை. குற்றத்தை உறுதிப்படுத்தும் தீர்ப்பாக வருகிறது. ‘கடும் விளைவுகள்’ பற்றிய எச்சரிக்கையும் கூடவே இருந்தது. 15 உறுப்பினர்களும் ஒருமனதாக வாக்களித்தார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு பொருளில் வாக்களித்தார்கள் என்பது சில மாதங்களில் தெரியவந்தது. ‘மீறல் உறுதியாகிவிட்டது, இனி வேறு அனுமதி தேவையில்லை’ என்று அமெரிக்காவும் பிரிட்டனும் வாதிட்டன. ‘ஆதரைசஸ்’ என்ற சொல் எங்கே என்று மற்றவர்கள் கேட்டார்கள். 2003 மார்ச்சில் குண்டுகள் விழத் தொடங்கியபோதும் அந்தக் கேள்விக்கு ஒப்புக்கொண்ட விடை இல்லை.

இந்தியா விஷயத்துக்கு வருவோம். 2022 பிப்ரவரியில் பாதுகாப்பு சபையில் இந்தியாவின் சார்பில் பேசியவர் டி.எஸ். திருமூர்த்தி. உக்ரைன் நிகழ்வுகளால் இந்தியா ‘ஆழமாகக் கலக்கமடைந்திருக்கிறது’ என்றார். ராஜதந்திரப் பாதை கைவிடப்பட்டது ‘வருத்தத்துக்குரியது’ என்றார். யார் கைவிட்டார்கள் என்று சொல்லவில்லை. ஆங்கில வாக்கியம் செயப்பாட்டு வினையில் இருந்தது. ஏப்ரல் 5 அன்று, புச்சா நகரின் தெருக்களில் கிடந்த உடல்களின் படங்கள் வெளிவந்த பிறகு, அதே திருமூர்த்தி ‘இந்தக் கொலைகளை ஐயத்துக்கிடமின்றிக் கண்டிக்கிறோம், சுதந்திரமான விசாரணையை ஆதரிக்கிறோம்’ என்றார். ‘கண்டெம்’ வந்துவிட்டது. ஆனால் அதன் செயப்படுபொருளைப் பாருங்கள்: ‘கொலைகள்’. கொன்றவர் யார் என்பது விசாரணைக்கு விடப்பட்டது. இந்தியாவின் நிலை மாறிவிட்டது என்று சிலர் எழுதினார்கள். வினை மாறியது உண்மை. ரஷ்யாவின் பெயர் அந்த வினைக்கு அருகில் வரவே இல்லை என்பதும் அதே அளவு உண்மை.

அதனால் கண்டெம் என்ற சொல்லைப் பார்த்ததும் அடுத்து வரும் பெயர்ச்சொல்லையும் பார்த்துவிட வேண்டும் என்பேன். 2019-ல் புல்வாமா தாக்குதலுக்குப் பிறகு பாதுகாப்பு சபை வெளியிட்ட அறிக்கை, அதை மிகக் கடுமையான சொற்களில் கண்டித்ததோடு, ஜெய்ஷ்-இ-முகமது பொறுப்பேற்றதையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. 2025 ஏப்ரலில் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட பிறகு வந்த அறிக்கையிலும் அதே ‘மிகக் கடுமையான சொற்களில்’ கண்டனம் இருந்தது. இம்முறை எந்த இயக்கத்தின் பெயரும் இல்லை. இப்படிப்பட்ட பத்திரிகை அறிக்கைகளுக்கு 15 உறுப்பினர்களின் ஒப்புதலும் வேண்டும். அப்போது பாகிஸ்தானும் சபையில் உறுப்பினர். வினைச்சொல்லை மட்டும் ஒப்பிட்டால் இரண்டு அறிக்கைகளும் ஒன்றுதான்.

நீதிமன்றச் செய்திகளில் இந்தப் பிரச்சினை இன்னும் நெருக்கமாக நம்மைத் தொடுகிறது. இந்திய ஆங்கிலச் செய்தியில் நீதிமன்றம் செய்யும் காரியங்களுக்கு மூன்று முக்கிய வினைகள் உண்டு. ‘ஹெல்ட்’ என்றால் சட்டக் கேள்வியில் முடிவு சொல்லியது என்று பொருள். ‘டைரக்டட்’ என்றால் ஆணையிட்டது. ‘அப்சர்வ்ட்’ என்றால் கருத்துச் சொன்னது. அது தீர்ப்பின் வழியில் எழுதிய ஒரு வரியாக இருக்கலாம், விசாரணையின்போது நீதிபதி வாய்மொழியாகச் சொன்னதாகவும் இருக்கலாம். முதலிரண்டும் கட்டுப்படுத்தும், மூன்றாவது பெரும்பாலும் கட்டுப்படுத்தாது. ஆனால் செய்திக்குச் சுவையானது பல நேரங்களில் மூன்றாவதுதான். தலைப்பில் அது ‘ஸ்லாம்ஸ்’ ஆகிவிடும், தமிழில் ‘சாட்டையடி’, ‘குட்டு’, ‘சரமாரிக் கேள்வி’ ஆகிவிடும்.

2021 ஏப்ரல் 26 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கொரோனா இரண்டாம் அலை உச்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. தேர்தல் பிரச்சாரக் கூட்டங்களை அனுமதித்ததற்காகத் தேர்தல் ஆணையத்தின் மீது கொலை வழக்கே போடலாம் போல என்று தலைமை நீதிபதி சஞ்சீப் பானர்ஜி விசாரணையின்போது சொன்னார். நாடு முழுவதும் அதுதான் அன்றைய தலைப்பு. அன்றைய எழுத்துபூர்வ ஆணையில் அந்த வாசகம் இல்லை. தேர்தல் ஆணையம் உச்ச நீதிமன்றம் போனது. அந்தக் கருத்தை நீக்க வேண்டும், வாய்மொழிக் கருத்துகளை ஊடகங்கள் வெளியிடத் தடை வேண்டும் என்று கேட்டது.

மே 6 அன்று நீதிபதிகள் சந்திரசூட், எம்.ஆர். ஷா அமர்வு தீர்ப்பளித்தது. அந்தச் சொற்கள் கடுமையானவை, உவமை பொருத்தமில்லாதது என்று ஒப்புக்கொண்டது. ஆனால் அவை நீதிமன்றப் பதிவிலேயே இல்லாதபோது எதை நீக்குவது என்று கேட்டது. ஊடகங்களைத் தடுக்கவும் மறுத்தது; நீதிமன்றத்தில் வெளிப்படையாகப் பேசப்படுவதை வெளியிடுவது பேச்சுரிமையின் பகுதி என்றது. இது சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். திறந்த நீதிமன்றத்தில் என்ன பேசப்படுகிறது என்பது மக்களுக்குத் தெரியத்தான் வேண்டும். அதே நேரம் ‘நீதிமன்றம் சொன்னது’ என்பதற்கும் ‘நீதிமன்றம் ஆணையிட்டது’ என்பதற்கும் நடுவே உள்ள கோட்டைக் காக்கும் பொறுப்பு முழுக்கச் செய்தி எழுதுகிறவர் கைக்கு வந்துவிட்டது. ஆணையம் மீது எந்தக் கொலை வழக்கும் பதிவாகவில்லை. செய்தியை அன்று மேலோட்டமாகப் படித்த பலருக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

விடுதலை பற்றிய வினைகளும் இதே குழப்பத்தைத் தருகின்றன. விசாரணை தொடங்கும் முன்பே போதிய ஆதாரம் இல்லை என்று விடுவித்தால் அது ‘டிஸ்சார்ஜ்’. விசாரணை முடிந்து குற்றம் நிரூபிக்கப்படாமல் போனால் ‘அக்விட்’. வழக்கையே ரத்து செய்தால் ‘குவாஷ்’. ‘எக்ஸானரேட்’ என்பது இவற்றையெல்லாம் தாண்டியது: பழி முழுவதையும் துடைத்து, இவர் குற்றமற்றவர் என்று அறிவிப்பது. குற்ற வழக்கில் நீதிமன்றம் பொதுவாக அந்தத் தூரம் போவதில்லை. அரசு வேலை வழக்குகளில் ‘ஹானரபிள் அக்விட்டல்’ என்ற ஒன்றைப் பற்றிப் பேசுவார்கள். குற்ற நடைமுறைச் சட்டத்தில் அப்படி ஒரு சொல் கிடையாது. தமிழ்நாட்டுக் காவலர் ஒருவரின் பணிநீக்க வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. சாட்சிகள் பிறழ்ந்ததால் விடுதலையானவரும், ஆதாரம் முழுவதையும் ஆராய்ந்து குற்றச்சாட்டில் உண்மையில்லை என்று விடுதலையானவரும் ஒன்றல்ல. முன்னவருக்கு வேலை தானாகத் திரும்பக் கிடைக்காது.

இந்திய ஆங்கிலத்துக்கென்றே ஒரு தொடர் உண்டு: ‘கிளீன் சிட்’. ஒரு விசாரணை அமைப்பு ‘வழக்குத் தொடரப் போதிய ஆதாரமில்லை’ என்று எழுதினாலும் கிளீன் சிட், நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தாலும் கிளீன் சிட், கட்சி தன் உறுப்பினரை மன்னித்தாலும் கிளீன் சிட். இவ்வளவு வேறுபட்ட காரியங்களை ஒரே பையில் போடும் தொடரைச் செய்தியாளர்கள் கைவிட்டால் நல்லது.

2ஜி விவகாரத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் மூன்று வெவ்வேறு அமைப்புகள் மூன்று வெவ்வேறு வினைகளில் பேசிய விஷயம் அது. 2010 நவம்பரில் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அலைக்கற்றையை ஏலம் விடாததால் அரசுக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய இழப்பை அது பல விதமாகக் கணக்கிட்டது. அதிகபட்சக் கணக்கு ரூ. 1.76 லட்சம் கோடி. அறிக்கை அதற்குப் போட்ட அடைமொழி ‘பிரிசம்ப்டிவ்’, அதாவது அனுமானமாகக் கணித்தது. தலைப்புகளில் அந்த அடைமொழி உதிர்ந்தது, ‘1.76 லட்சம் கோடி ஊழல்’ நிலைத்தது. 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ‘குவாஷ்’ செய்தது. ஒதுக்கிய முறை தன்னிச்சையானது, அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்பது அதன் முடிவு. 2017 டிசம்பர் 21 அன்று சிறப்பு நீதிமன்ற நீதிபதி ஓ.பி. சைனி, ஆ. ராசா, கனிமொழி உட்பட எல்லோரையும் ‘அக்விட்’ செய்தார். குற்றச்சாட்டை நிரூபிக்க அரசுத் தரப்பு தவறிவிட்டது என்றார்.

இந்த மூன்றும் ஒன்றையொன்று பொய்யாக்குகின்றன என்று இரண்டு பக்கத்துக் கட்சிக்காரர்களும் இன்றும் வாதிடுகிறார்கள். ‘உச்ச நீதிமன்றமே ரத்து செய்ததே, அப்புறம் எப்படி நிரபராதி?’ என்று ஒரு பக்கம். ‘விடுதலை ஆகிவிட்டது, ஆக எதுவுமே நடக்கவில்லை’ என்று இன்னொரு பக்கம். தணிக்கையாளர் மதிப்பிட்டது பணத்தை. உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது நடைமுறையைப் பற்றி. சிறப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது தனி மனிதர்கள் குற்றம் செய்தார்களா என்பதைப் பற்றி. அதிலும், தன் முன் வைக்கப்பட்ட ஆதாரத்தை வைத்து. மூன்றும் ஒரே நேரத்தில் நிற்க முடியும். விடுதலையை எதிர்த்த சி.பி.ஐ.யின் மேல்முறையீட்டை டெல்லி உயர் நீதிமன்றம் 2024 மார்ச்சில் விசாரணைக்கு ஏற்றது. ஆக அந்த ‘அக்விட்’ கூட இன்னும் மேல் நீதிமன்றத்தின் பார்வையில்தான் இருந்தது.

‘டீம்’ என்ற சிறிய வினையையும் விட்டுவிடக் கூடாது. சாதாரணச் செய்தியில் அது ‘கருதப்பட்டது’ என்ற அளவில் வரும். கட்டடம் பாதுகாப்பற்றதாக டீம் செய்யப்பட்டது என்பது போல. சட்டத்தில் அதன் வேலையே வேறு: உண்மையில் நடக்காத ஒன்றை நடந்ததாக வைத்துக்கொள்வது. நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தை ஆங்கிலத்தில் ‘டீம்டு’ என்று சொல்வது இதனால்தான். அது பல்கலைக்கழகமாகச் சட்டமியற்றி உருவாக்கப்பட்டதல்ல, அப்படி வைத்துக்கொள்ளப்படுவது. 2025 ஏப்ரல் 8 அன்று தமிழ்நாடு ஆளுநர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இருவர் அமர்வு, நிலுவையில் கிடந்த 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாக டீம் செய்தது. ஆளுநர் கையெழுத்துப் போடவில்லை. போட்டதாகச் சட்டம் எடுத்துக்கொண்டது. ‘மசோதாக்களுக்கு ஒப்புதல்’ என்று மட்டும் எழுதிய செய்திகள் இந்த வித்தியாசத்தைத் தொடவில்லை. பிறகு குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்கு 2025 நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தந்த கருத்துரையில் முக்கியப் பிரச்சினையாக இருந்தவற்றில் இதுவும் ஒன்று. அப்படி வைத்துக்கொள்ளும் ஒப்புதலுக்கு அரசியல் சட்டத்தில் இடமில்லை என்று அந்த அமர்வு சொன்னது.

அமெரிக்கச் செய்திகளைப் பற்றி இரண்டு விஷயங்கள் போதும். ‘இம்பீச்’ என்றால் பதவி நீக்கம் என்று நம்மூரில் பலரும் நினைக்கிறோம். அங்கே அது பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டுவது மட்டுமே. நீக்குவதற்கு செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். ஆண்ட்ரூ ஜான்சன், கிளின்டன், இருமுறை டிரம்ப் என்று மூன்று அதிபர்கள் இம்பீச் செய்யப்பட்டார்கள், ஒருவரும் நீக்கப்படவில்லை. இரண்டாவது விஷயம், 2016 அதிபர் தேர்தலில் ரஷ்யத் தலையீட்டை விசாரித்த சிறப்பு வழக்கறிஞர் ராபர்ட் முல்லரின் அறிக்கை. 2019-ல் வெளியானது. அதிபர் குற்றம் செய்தார் என்ற முடிவுக்கு இந்த அறிக்கை வரவில்லை, அதே சமயம் அவரை எக்ஸானரேட் செய்யவும் இல்லை என்று அதில் எழுதியிருந்தார். டிரம்ப் ‘முழுமையான எக்ஸானரேஷன்’ என்று அறிவித்துவிட்டார். ஜூலையில் முல்லர் நாடாளுமன்றக் குழு முன் வந்தபோது, அதிபரை முழுமையாக எக்ஸானரேட் செய்தீர்களா என்று தொடக்கத்திலேயே கேட்டார்கள். இல்லை என்றார். இவ்வளவு வெளிப்படையாக ஒரு வினைச்சொல்லின் பொருளை உறுதிப்படுத்தக் கேள்வி கேட்க வேண்டி வந்தது.

1954 டிசம்பர் 2 அன்று, கம்யூனிஸ்ட் வேட்டையால் பெயர்பெற்ற செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி மீது செனட் 67-22 என்ற கணக்கில் நிறைவேற்றிய தீர்மானத்தையும் சொல்ல வேண்டும். வரலாற்று நூல்கள் அதை ‘சென்ஷர்’ என்கின்றன, அதாவது சபை தன் உறுப்பினரை முறைப்படிக் கண்டிப்பது. தீர்மான வாசகத்தில் அவர் நடத்தை ‘கண்டெம்’ செய்யப்பட்டிருக்கிறது. சென்ஷர் என்ற சொல் இல்லை. அதனால் இது சென்ஷரே ஆகாது என்று அவருடைய ஆதரவாளர்கள் வாதிட்டார்கள். செனட் தன் பதிவுகளில் அதைச் சென்ஷராகவே கணக்கில் வைத்திருக்கிறது. ஐ.நா.வில் உச்சிப் படியில் இருக்கும் ‘கண்டெம்’, செனட்டில் சிலர் கண்ணுக்குத் தப்பிக்கும் வழியாகத் தெரிந்திருக்கிறது.

செய்தியாளர்கள் தாங்களாகவே கொண்டுவரும் வினைகளும் உண்டு. ஒருவர் சொன்னதை ‘சொன்னார்’ என்று எழுதலாம். ‘கிளெய்ம்ட்’ என்று எழுதினால் நம்ப முடியாது என்ற வாடை வந்துவிடும். ‘அட்மிட்டட்’ என்று எழுதினால் தவறு செய்தவர் ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும். ஒரே பேட்டியில் அமைச்சர் ‘விளக்கினார்’, எதிர்க்கட்சித் தலைவர் ‘குற்றம் சாட்டினார்’, பாதிக்கப்பட்டவர் ‘கூறிக்கொண்டார்’ என்று வந்தால், வாசகர் அறியாமலேயே ஒரு தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. பெரிய செய்தி நிறுவனங்களின் நடை விதிகள் ‘செட்’ (said, சொன்னார்) என்ற எளிய வினையையே வற்புறுத்துவது இதனால்தான். படிக்கச் சலிப்பாக இருக்கும், ஆனால் நேர்மையான சலிப்பு அது.

தமிழ் வாசகர்கள் இந்த வினைச்சொற்களின் எடையை உடம்பில் உணர்ந்த இடம் ஜெனீவா. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்த சில நாட்களில், மே 27 அன்று, ஐ.நா. மனித உரிமைகள் பேரவை ஒரு சிறப்பு அமர்வில் தீர்மானம் நிறைவேற்றியது. அதன் அடிப்படை வரைவு இலங்கை அரசுடையது. போர் முடிந்ததை ‘வெல்கம்’ செய்தது. விடுதலைப் புலிகள் பொதுமக்கள் மீது நடத்திய தாக்குதல்களையும் மக்களைக் கேடயமாகப் பயன்படுத்தியதையும் ‘கண்டெம்’ செய்தது. இடம்பெயர்ந்தவர்களுக்காக அரசு எடுத்த நடவடிக்கைகளைக் ‘கமெண்ட்’ செய்தது, அதாவது பாராட்டியது. அரசுப் படைகளின் ஷெல் வீச்சுக்கு அந்தத் தீர்மானத்தில் எந்தத் தீர்ப்பு வினையும் இல்லை. கவலை என்ற அடிப்படிச் சொல்கூட அதன் மேல் விழவில்லை. 29 நாடுகள் ஆதரித்தன, இந்தியாவும் அதில் ஒன்று. 12 நாடுகள் எதிர்த்தன. லட்சக்கணக்கானவர்கள் முகாம்களில் முள்வேலிக்குள் அடைபட்டிருந்த நாட்களில் வந்த பாராட்டு அது. அந்தத் தீர்மானத்தை இன்று படித்தாலும் மனம் ஆறுவதில்லை.

ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த மார்சுகி தருஸ்மான் தலைமையிலான நிபுணர் குழு 2011-ல் எழுதியது வேறு மொழி. நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் இருப்பதாகக் குழு ‘ஃபவுண்ட்’, கண்டறிந்தது. அவை நிரூபிக்கப்பட்டால் அரசும் புலிகளும் கடுமையான மீறல்களைச் செய்ததாகும், அவற்றில் சில போர்க்குற்றங்களாகவும் மானுடத்துக்கு எதிரான குற்றங்களாகவும் அமையக்கூடும் என்றது. ‘போர்க்குற்றம் நடந்தது: ஐ.நா.’ என்று எழுதினால் அது குழு சொன்னதைத் தாண்டிப் போகிறது. ‘வெறும் குற்றச்சாட்டு’ என்று இலங்கை அரசு ஒதுக்கியது குழு சொன்னதற்குக் கீழே இறங்குகிறது. விசாரணை அதிகாரம் இல்லாத ஒரு குழு, தன் அதிகாரத்தின் எல்லை வரை போய்ச் சொன்ன வாக்கியம் அது.

2012-ல் பேரவையின் 19/2 தீர்மானம் வந்தது. இலங்கை தானே அமைத்த நல்லிணக்க ஆணையத்தின் பரிந்துரைகளை நிறைவேற்ற ‘அழைப்பு விடுத்தது’. ஐ.நா. அலுவலகம் ஆலோசனையும் தொழில்நுட்ப உதவியும் தர ‘ஊக்குவித்தது’. இந்தியா அதில் ஒரு திருத்தம் செய்யவைத்து, பிறகு ஆதரவாக வாக்களித்தது: அந்த உதவி இலங்கை அரசுடன் கலந்து பேசி, அதன் ஒப்புதலோடு தரப்பட வேண்டும். சென்னையில் ‘இலங்கைக்கு எதிராக இந்தியா வாக்கு’ என்று செய்தி. இலங்கை ஒப்புக்கொண்டால்தான் எதுவும் நடக்கும் என்ற வரி உள்ளே இருந்தது.

அடுத்த ஆண்டு சொற்களுக்கான போராட்டம் தமிழ்நாட்டுத் தெருவுக்கே வந்தது. 2013 மார்ச்சில் மாணவர்கள் கல்லூரிகளை விட்டு வெளியே வந்தார்கள். இனப்படுகொலை என்ற சொல்லைத் தீர்மானத்தில் சேர்க்க இந்தியா திருத்தம் கொண்டுவர வேண்டும் என்று தி.மு.க. கேட்டது, அது நடக்காததால் மார்ச் 19 அன்று மத்தியக் கூட்டணி அரசிலிருந்து வெளியேறியது. இரண்டு நாளில் 22/1 தீர்மானம் 25-13 என்று நிறைவேறியது, இந்தியா ஆதரவாக வாக்களித்தது, அந்தச் சொல் இடம்பெறவில்லை. ஒரு வரைவில் ஒரு சொல் இருக்கிறதா என்பதற்காக ஒரு கூட்டணி உடைந்தது. அந்த மாணவர்கள் எல்லோரும் சட்டம் படித்தவர்கள் இல்லை. ஆனாலும் சொல்லின் எடை அவர்களுக்குச் சரியாகவே தெரிந்திருந்தது.

2014-ல் வினை ஒரு படி ஏறியது. விரிவான விசாரணை நடத்த மனித உரிமை ஆணையர் அலுவலகத்தை 25/1 தீர்மானம் ‘ரிக்வெஸ்ட்’ செய்தது. மென்மையாகத் தெரியும் சொல். ஆனால் கேட்டுக்கொள்ளப்பட்டது இலங்கை அல்ல, ஐ.நா.வின் சொந்த அலுவலகம். அதற்கு அது ஆணைக்குச் சமம். யாரை நோக்கிய வினை என்பதே இங்கே எடையைத் தீர்மானித்தது. இந்தியா அதைப் புரிந்துகொண்டுதான் இந்த முறை விலகி நின்றது. 2015-ல் இலங்கையே இணை அனுசரணை தந்து 30/1 ஒருமனதாக நிறைவேறியபோது பெரிய நம்பிக்கை எழுந்தது. காமன்வெல்த், வெளிநாட்டு நீதிபதிகள் பங்கேற்கும் நீதிப் பொறிமுறை பற்றி அதில் ஒரு பத்தி உண்டு. ‘கலப்பு நீதிமன்றம் அமைகிறது’ என்று பலரும் எழுதினார்கள். அந்தப் பத்தியின் வினை ‘அஃபர்ம்ஸ்’: அப்படிப் பங்கேற்பதன் முக்கியத்துவத்தை உறுதிப்படுத்துகிறது, அவ்வளவே. அமைக்கும்படி யாருக்கும் கட்டளை இல்லை, கெடு இல்லை. நீதிமன்றம் வரவில்லை. 2020 பிப்ரவரியில் கோத்தபாய ராஜபக்ச அரசு இணை அனுசரணையிலிருந்து விலகியது.

2021 மார்ச் 23 அன்று வந்த 46/1 தலைப்புகளில் பெரிதாக ஒன்றும் மின்னவில்லை. 22 ஆதரவு, 11 எதிர்ப்பு, இந்தியா உட்பட 14 விலகல். கண்டனச் சொற்களைத் தேடிய பலருக்கு அது ஏமாற்றமாகவே இருந்தது. ஆனால் அதில் ஒரு பத்தி ‘டிசைட்ஸ்’ என்று தொடங்குகிறது: மீறல்கள் பற்றிய தகவல்களையும் ஆதாரங்களையும் திரட்டவும், ஆராயவும், பாதுகாக்கவும், எதிர்கால வழக்குகளுக்கு வழிமுறைகளை வகுக்கவும் ஆணையர் அலுவலகத்தின் திறனை வலுப்படுத்தத் தீர்மானிக்கிறது. அந்தப் பத்தியிலிருந்து ஜெனீவாவில் அதற்கென ஊழியர்களும் ஓர் ஆதாரக் களஞ்சியமும் வந்தன. இலங்கை அரசுகள் மாறின, ஒவ்வொன்றும் அதை ஏற்க மறுத்தன. 2022-ல் அந்தப் பணி நீட்டிக்கப்பட்டது, 2024-ல் நீட்டிக்கப்பட்டது, 2025 அக்டோபரில் வாக்கெடுப்பே இல்லாமல் மேலும் இரண்டு ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் பலர் விடை கிடைக்காமலேயே இறந்துபோய்விட்டார்கள். ஆதாரங்களைச் சேர்க்கும் வேலை மட்டும் அந்த ஒரு வினையின் பலத்தில் தொடர்ந்து நடக்கிறது.